சோவியத் உடைந்த நாடுகளில் 'ஆள் பிடிப்பது': நம்ம தோட்டத்தோடு ஒப்பிடலாமா?

வட்டவளை மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். வெளிவாரியாக அரசறிவியல் படிக்கிறேன். இந்த முறை ஒப்படைக்கு எனக்கு வந்த தலைப்பு, கம்யூனிச ஆட்சி முடிந்த நாடுகளில் சட்டம், சட்டத்துக்கு வெளியே நடக்கிற வழக்கங்கள், தேசிய அடையாளம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு. தனித்தனியாக வாசித்தால் விளங்குகிறது. மூன்றும் எந்த இடத்தில் சேர்கின்றன என்பதுதான் பிடிபடவில்லை.

ரஷ்யாவில் கடையில் இல்லாத சாமானும் ஆஸ்பத்திரியில் கிடைக்காத கட்டிலும் தெரிந்தவர் மூலம் கிடைத்ததாம். இப்படித் தெரிந்த ஆளைப் பிடித்துக் காரியம் முடிப்பதை பிளாத் என்று சொல்கிறார்கள். வாசிக்கும்போது எனக்கு இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன்தான் ஞாபகம் வந்தது. போன வருஷம் சித்திக்கு அடையாள அட்டை எடுக்க அலைந்தோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் எழுத்து மாறி இன்னொன்று, வாக்காளர் இடாப்பில் அதுவும் இல்லை. கிராம சேவகர் தோட்டத்துக் கடிதம் கேட்டார். தோட்ட ஆபிசில் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஒரு போன் கோல் எடுத்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் கடிதம் கைக்கு வந்துவிட்டது. யாரும் ஐந்து சதம் வாங்கவில்லை. ஆனால் தலைவர் வீட்டுக் கலியாணத்தில் சித்தி விடிய விடிய நின்று சமைத்துக் கொடுத்தார்.

எங்கள் விரிவுரையாளர் இதையெல்லாம் ஊழல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சித்தி லஞ்சம் கொடுத்தவரா? அப்புறம், இதில் தேசிய அடையாளம் எங்கே வருகிறது? அந்த நாடுகளை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

லூமும்பா பழைய மாணவன்:

மகள், நான் எண்பதுகளின் கடைசியில் மாஸ்கோவில் லூமும்பா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். போகும்போது சோவியத் யூனியன் இருந்தது, திரும்பும்போது இல்லை. பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். இரண்டு இடத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சித்தி லஞ்சம் கொடுக்கவில்லை. ஆனால் நடந்தது நல்லதும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளாத். அந்தக் காலத்து மாஸ்கோவில் காசு பெரிய விஷயமே இல்லை, சாமான்தான் இல்லை. சீனிக்குக்கூட கூப்பன். 1985இல் கொர்பச்சேவ் மதுவைக் கட்டுப்படுத்தப் போய், சனங்கள் வீட்டிலேயே வடிக்கத் தொடங்கி, கடைகளில் சீனி காணாமல் போனது. நல்ல தேயிலையும் அப்படித்தான். ஜோர்ஜியாவில் விளைந்த தூள் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சாயம் ஏறாது. யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பெட்டியைக் கண்டால் வரிசையில் நிற்பார்கள். ஊரிலிருந்து யாராவது வரும்போது அம்மா நல்ல பி.ஓ.பி. ரகத் தேயிலைத் தூள் கொடுத்தனுப்புவார். அதில் ஒரு பொட்டலத்தை விடுதிப் பொறுப்பாளரான அம்மாவிடம் கொடுத்தேன். அவர் உடனே மேசை லாச்சியில் போடவில்லை. பொட்டலத்தின் மூலையைப் பிரித்து, கண்ணை மூடி மோந்து பார்த்தார். எந்த ஊரில் விளைகிறது, யார் பறிப்பது என்று கேட்டார். என் அம்மா பறிப்பது என்றேன். அந்தக் கிழமையே வடக்குப் பக்கக் குளிர் அறையிலிருந்து என்னை மாற்றினார். பதிவு முத்திரைக்காக நான் நிற்க வேண்டிய வரிசையும் குறைந்தது. நான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் வீட்டில் செய்த ஜாம் போத்தல் என் கட்டிலடிக்கு வந்தது.

அவரிடம் காசை நீட்டியிருந்தால் வெளியே துரத்தியிருப்பார். அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அலேனா லெதனேவா என்ற ஆய்வாளர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கொடுப்பது அரசாங்கத்துச் சொத்து, ஆனால் கொடுக்கும் விதம் நட்பு. அந்த அறை அவருடையதல்ல. எனக்கு அறை கிடைத்ததால் வேறு ஒரு பையன் குளிரில் கிடந்திருப்பான். அன்பும் உண்மை, அநியாயமும் உண்மை. தலைவர் எடுத்த அந்தக் கோலும் இந்த வகைதான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1932இல் சோவியத்தில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் கொண்டுவந்தார்கள். அதில் விலாசப் பதிவு முத்திரை இருந்தால்தான் பட்டணத்தில் இருக்கலாம், வேலை தேடலாம். புரோப்பிஸ்கா என்பார்கள். ஆனால் கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் பாஸ்போர்ட்டே கொடுக்கவில்லை. அவர்களுக்கும் கொடுக்க முடிவெடுத்தது 1974இல்தான். அதுவரை கிராமத்தை விட்டுப் போக உள்ளூர் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். ரியாசான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த என் வகுப்புத் தோழன் இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. பையன்கள் இராணுவத்துக்குப் போய் அப்படியே திரும்பாமல் இருந்துவிடுவார்களாம். பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு அல்லது கலியாணம். கடிதம் எழுதும் தலைவரோடு முகம் கோணாமல் இருப்பது குடும்பத்துக்கே ஒரு வேலையாக இருந்ததாம்.

இங்கே இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை துண்டு முறை இருந்தது. கடன் தீர்ந்தது என்று துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அது ஒழிந்த பிறகும் லயத்தில் குடியிருக்கும் காம்பரா வேலையோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் எத்தனை வீடுகளில் கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் சம்பாதிக்க, காம்பரா கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக ஒருத்தர் மட்டும் செக்ரோலில், அதாவது தோட்ட வேலையாட்கள் பதிவில், பேர் வைத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்? இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போனதையும் ஒப்படையில் சேருங்கள். 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது, காணி அரசாங்கத்தின் பேரிலேயே இருக்கிறது. அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரஷ்யாவில் கூட்டுப்பண்ணைக் காணியைப் பங்குப் பத்திரமாக உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். பத்திரம் கைக்கு வந்தது, ஆனால் பல இடங்களில் பழைய பண்ணைத் தலைவரே தொடர்ந்து ஆட்டி வைத்தார். சனங்கள் வழக்கம்போல பண்ணைத் தீவனத்தைக் கொண்டுபோய்த் தங்கள் மாட்டுக்குப் போட்டார்கள், அவர் கண்டும் காணாமல் விட்டார். அந்தக் கண்டும் காணாததும் ஒரு கடன்தான். விறகுக்கும், லயத்துக்குப் பின்னால் தகரம் இறக்கிக் குசினி கட்டுவதற்கும் தோட்ட முகாமையாளரான துரையின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடையாளம் எங்கே வருகிறது என்று கேட்டீர்கள். சோவியத் பாஸ்போர்ட்டில் ஐந்தாவது வரி என்று ஒன்று இருந்தது. அதில் இனம் எழுத வேண்டும்: ரஷ்யர், தாத்தார், யூதர் என்று. பெற்றோர் வேறு வேறு இனமானால் பிள்ளை பதினாறு வயதில் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். யூதர் என்று இருந்தால் நல்ல பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது கஷ்டம். ஆகவே அந்த வரியில் என்ன எழுதப்படும் என்பதற்கும் ஆள் பிடித்தார்கள். 1997இல் ரஷ்யா கொண்டுவந்த புதிய பாஸ்போர்ட்டில் அந்த வரி இல்லை.

நம் பிறப்புச் சான்றிதழிலும் இனம் என்ற கட்டம் இருக்கிறது. அதில் 'இந்தியத் தமிழர்' என்று விழாமல் 'இலங்கைத் தமிழர்' என்று விழ வேண்டும் என்று பதிவாளரிடம் கெஞ்சிய தகப்பன்மாரை நான் அறிவேன். 1981 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 5.5 வீதம், 2012இல் 4.1 வீதம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது ஒரு காரணம். தங்களை வேறு விதமாகப் பதிந்துகொண்டது இன்னொரு காரணம். ஒரு சமூகத்தின் அளவே ஆயிரமாயிரம் கட்டங்களில் யார் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. நீங்கள் தேடுகிற மூன்றும் சேரும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பரம்பரையான எங்கள் தாத்தாமாரிடம் கேட்டது, உன் தகப்பன் இங்கே பிறந்தானா, பத்திரத்தைக் காட்டு. அவர்கள் பிறந்த காலத்தில் லயத்தில் யார் பதிவு வைத்திருந்தார்கள்? 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் நம் ஆட்கள் 975,000 பேரைப் பற்றிப் பேசி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேர் பிறகு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய கடிதத்தில் ஒரு வருஷம் முன்பின் விழுந்தால் குடும்பம் இரண்டாகும். இப்படி ஒரு சட்டம் இருந்தால் சனங்கள் ஆளைப் பிடிக்காமல் என்ன செய்வார்கள்? அது எங்கள் குணம் இல்லை. ரஷ்யரின் குணமும் இல்லை. பத்திரம் உரிமையாக வர வேண்டியது. அது தயவாக வந்தால் நாடு என்றதும் மனதில் வருவது கொடியும் அரசியலமைப்பும் இல்லை, கோல் எடுத்துக் கொடுத்தவரின் முகம். சித்தியிடமே கேட்டுப் பாருங்கள், அடையாள அட்டையை யார் தந்தது என்று.

ரீகாவில் பண்டாரவளைக்காரன்:

தங்கச்சி, நான் இப்போது லத்வியாவில் படிக்கிறேன். ஐயா சொன்ன 1948க்கு அச்சு அசலான ஒன்று இங்கே இருக்கிறது. லத்வியா 1991இல் சுதந்திரம் மீண்டதும் 1940 ஜூனுக்கு முன் குடிமகனாக இருந்தவரும் அவர் வாரிசுகளும்தான் குடிமக்கள் என்றது. சோவியத் காலத்தில் ஆலை வேலைக்கு வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் 'குடிமகன் அல்லாதவர்' ஆனார்கள். 1995இல் அந்த நிலைக்கே தனிச் சட்டமும், பிறகு தனிப் பாஸ்போர்ட்டும் வந்தன. ஏழு இலட்சம் பேரளவில் அப்படி இருந்தார்கள். எஸ்தோனியாவில் இதே நிலையில் இருப்பவர்களின் பாஸ்போர்ட் சாம்பல் நிறம். இங்கே அவர்கள் உள்ளூராட்சித் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. குடியுரிமை வேண்டுமென்றால் மொழி, வரலாறு, தேசிய கீதம் எல்லாவற்றிலும் பரீட்சை.

ஆனால் ஒப்பிடும்போது ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. லத்வியர்கள் தங்கள் நாட்டிலேயே சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்று பயந்தவர்கள். 1989 கணக்கெடுப்பில் அவர்கள் 52 வீதம்தான். ஆயிரக்கணக்கானோரை சைபீரியாவுக்கு நாடு கடத்திய ஒரு வல்லரசின் கீழ் ஐம்பது வருஷம் இருந்தவர்கள். கொழுந்து பறிக்கக் கொண்டுவரப்பட்ட நம் ஆட்களுக்குப் பின்னால் அப்படி எந்த இராணுவமும் வரவில்லை. இதை எழுதாமல் விட்டால் லத்வியருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

நான் இருக்கும் கட்டடத்தில் கீழ்மாடியில் ஒரு ரஷ்யப் பாட்டி. வருஷக்கணக்காகக் குடிமகன் அல்லாதவராக இருந்துவிட்டு, ரஷ்யப் பென்ஷன் சீக்கிரம் கிடைக்கும் என்று ரஷ்யப் பாஸ்போர்ட் எடுத்தவர். உக்ரேன் போர் தொடங்கிய பிறகு, 2022இல் சட்டம் மாறியது. இவர்களைப் போன்றவர்கள் தொடர்ந்து இருக்க லத்விய மொழிப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் தானே எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாடமாக்குவார். "எனக்குப் பல் வலிக்கிறது, வைத்தியரிடம் போக வேண்டும்" என்பதை என்னிடம் சொல்லிக் காட்டினார். எனக்கு அந்தப் பாஷை அரைகுறை. ஆனாலும் பிழை திருத்தச் சொல்லிக் கேட்டார். பக்கத்து வீட்டு லத்விய ஆசிரியை ஒருவர் காசு வாங்காமல் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். சட்டத்துக்கு வெளியே நடக்கிற வழக்கம் என்றால் குறுக்குவழி மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். இதுவும் அதில் சேர்த்திதான்.

2020 ஜனவரி முதல் இங்கே பிறக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தானாகவே வருகிறது, பெற்றோர் வேறு நாட்டுக் குடியுரிமையைத் தெரிந்தெடுக்காவிட்டால்.

நுவரெலியா உத்தியோகத்தர்:

நான் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன். ஐயா அனுபவத்தில் பேசுகிறார், மதிக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சில் ஒருவரைக் காணவில்லை: தலைவரைத் தெரியாதவர். தலைவரோடு கோபித்துக்கொண்ட சங்கத்துக்காரர், புருஷனை இழந்து தனியாக நிற்கும் பெண், இன்னொரு தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நான் அவர்களைத்தான் பார்க்கிறேன். போன் வந்த கோப்பு மேலே வரும்போது அவர்களுடையது கீழே போகிறது. ஆகவே ஊழல் என்று விரிவுரையாளர் சொன்னதில் பிழை இல்லை.

மாற்ற முடியாது என்பதும் இல்லை. ஜோர்ஜியாவில் 2003 புரட்சிக்குப் பிறகு, 2004இல் போக்குவரத்துப் பொலிசையே முழுதாகக் கலைத்துவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ், காணி, பாஸ்போர்ட் எல்லாம் ஒரே கூரையின் கீழ் எடுக்கும் மண்டபங்கள் கட்டினார்கள். சனங்களின் குணம் மாறும் வரை காத்திருக்கவில்லை, கவுண்டரை மாற்றினார்கள்.

தங்கச்சி, உங்கள் சித்தியின் பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்த பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்தத் தலைவரும் தேவையில்லை.

லூமும்பா பழைய மாணவன்:

தம்பி சொல்வது சரி. தெரியாதவர் பக்கம் நான் பேசியிருக்க வேண்டிய அளவு நீங்கள் பேசிவிட்டீர்கள், நன்றி. ஆனால் கவுண்டர் ஒழுங்காக நடந்தால் போதும் என்பதில் எனக்குப் பயம் உண்டு. சுலோவேனியாவைப் பாருங்கள். 1992 பெப்ரவரி 26ஆம் தேதி, பழைய யூகோஸ்லாவியாவின் மற்றக் குடியரசுகளிலிருந்து வந்து அங்கே குடியிருந்த 25,671 பேரை நிரந்தர வதிவிடப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாருக்கும் அறிவித்தல் இல்லை. ஏதோ வேலையாக அலுவலகத்துக்குப் போனவர்களின் அடையாள அட்டையை வாங்கி, அதிலே துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆள் பிடித்தல் இல்லை, கையூட்டு இல்லை, கோப்புகள் சுத்தமாக இருந்தன. அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே அது பிழை என்றது. 2012இல் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இருபது வருஷம் போய்விட்டது.

அப்புறம், அந்த விண்ணப்பத்தைப் பற்றி. இருக்கிறது என்று சித்திக்கு யார் சொன்னார்கள்? தமிழ் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆனாலும் எத்தனை கவுண்டரில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது? அந்த இடைவெளியில்தான் தலைவர் நிற்கிறார். 1987 பிரதேச சபைச் சட்டமும் அப்படித்தான். அதன் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் பாதை போட சபைப் பணம் இல்லை என்றார்கள். 2018இல் திருத்தும் வரை, வாக்கு எங்களிடம் வாங்கினார்கள், கல்லும் தாரும் யாருடைய தயவிலாவது வர வேண்டியிருந்தது.

வட்டவளை மாணவி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "தலைவர்தான் எடுத்துத் தந்தார்" என்று சித்தி உடனே சொன்னார். அரசாங்கம் என்ற பேச்சே வரவில்லை. ஒப்படையில் இரண்டு நாடுகளை மட்டும் ஒப்பிடச் சொல்கிறார்கள். எதை எடுக்கட்டும்?

லூமும்பா பழைய மாணவன்:

லத்வியாவும் லித்துவேனியாவும். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே ஆட்சியில் இருந்தவை, ஒரே காலத்தில் விடுபட்டவை. லித்துவேனியா 1989 சட்டத்திலேயே, இங்கே நிரந்தரமாக இருக்கும் யாரும் விரும்பினால் குடியுரிமை எடுக்கலாம் என்று விட்டது. தாத்தாவைக் கேட்கவில்லை. அங்கே லித்துவேனியர் எண்பது வீதமளவில் இருந்ததால் பயம் குறைவு. பயம் எவ்வளவோ, கேட்கிற பத்திரமும் அவ்வளவு என்ற கோணத்தில் தொடங்குங்கள். லஞ்சம், சிபாரிசு இரண்டு நாட்டிலும் சோவியத் காலத்திலிருந்தே உண்டு. ஆகவே சிபாரிசு இருந்ததா என்று கேட்காமல், எந்தப் பத்திரத்துக்காகத் தேவைப்பட்டது என்று கேளுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் நம் கதையை வையுங்கள்: 1948, 1964, பிறகு நாடற்றிருந்த நம் ஆட்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988 சட்டம், 2003 சட்டம். சித்தியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம். அவரிடம் அனுமதி கேட்டு, சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். அதோடு தம்பி சொன்ன அந்தத் திருத்த விண்ணப்பத்தை நீங்களே அவரோடு போய்க் கொடுங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.